எண்ணெய்க் கையோடு காஞ்சியில் ஐந்து நாள்

மூத்த மகளுக்குக் கூறைப்புடவை வாங்கத்தான் காஞ்சிபுரம் போனேன். நெசவாளர் வீட்டிலேயே ஐந்து நாள் தங்கினேன். ஆனாலும் என் புடவை நெய்யப்படுவதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அந்த வீட்டுப் பின்கட்டில் நாலு சின்ன மோட்டார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பட்டறைக்காரன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தேன். முப்பது வருஷமாக என் கையில் புழங்குவது தோட்டத்து ஆட்கள் ஓட்டும் மோட்டார்களும், ஞாயிற்றுக்கிழமை செம்மண் மேட்டில் பிள்ளைகள் ஏறி இறங்குகிற சின்ன மோட்டார்களும்தான். எங்கள் பக்கம் மோட்டார் என்றால் இரண்டு சக்கர வண்டி.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். அன்றைக்கு என் மனைவி நேர்ந்துகொண்டாள், இவள் கல்யாணக் கூறையைக் காஞ்சி அம்மன் பாதத்தில் வைத்து எடுத்துத்தான் கட்டுவது என்று. இப்போது கல்யாணம் வந்துவிட்டது. மனைவிக்கோ முட்டி வலி, விமானப் படி ஏற முடியாது. ஆகவே நான் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை அம்மன் பாதத்தில் புடவை, சனிக்கிழமை எனக்கு விமானம். "நெய்யறப்போ பக்கத்திலேயே உக்காந்து பாருங்க. பார்த்து எனக்குச் சொல்லணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை காஞ்சிபுரம் வந்து ஆட்டோவில் ஏறி "பிள்ளையார்பாளையம்" என்றேன். பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஓட்டுநர் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. கொண்டுபோய் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் இறக்கினார். இது இல்லையப்பா என்றேன். இன்னொரு பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். அந்த ஊரில் தெருவுக்கு ஒரு பிள்ளையார். மூன்றாவது கோயிலில்தான் இருவருக்கும் விளங்கியது. "பாளையம்னு சத்தமா சொல்லக்கூடாதா பெரியவரே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வருத்தமில்லை. வந்த ஊரில் முதல் கும்பிடு பிள்ளையாருக்கு, அதுவும் மூன்று தடவை கிடைத்தது.

நெசவாளர் பெயர் முனிரத்தினம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி சுகுணா. இருவரும் சேர்ந்துதான் நெய்கிறார்கள்: அவர் தறிக்குழியில் உட்கார்ந்து உடலை நெய்ய, அந்த அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டுகிற நாடாவை எறிகிறார். ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர் சும்மா இருக்க வேண்டியதுதான். நான் போனபோது சுகுணா சும்மாதான் இருந்தார்.

தறியில் என் புடவை. அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை. முந்தி மட்டும் பாக்கி என்றார். குழியில் ஆளைக் காணோம்.

"எங்கேம்மா அவர்?"

"பின்னாடிதான் கீறாரு. அவரோட நாலு கொழந்தைங்கள பாத்துக்கினு."

பின்கட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு தகரக் கூரை. அதன் கீழ் மண்ணில் ஓட்டுகிற சின்ன டர்ட் பைக் நாலு நின்றன, என் இடுப்பு உயரம்கூட இல்லை. முனிரத்தினம் முழங்கை வரை கறுப்பாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ஊருக்கே திரும்பி வந்த மாதிரி ஆகிவிட்டது.

"அடடே, மோட்டார்! கெட்டுப்போச்சா? நான் பார்க்கட்டுமா?" என்றேன்.

சுகுணா கிணற்றடியைக் காட்டினார். "மோட்டார் நல்லாத்தாண்ணா ஓடுது. காலையில கூட டேங்க் ரொம்பி வழிஞ்சிச்சி."

அங்கே மோட்டார் என்றால் தண்ணீர் இறைப்பது. இதை விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

விஷயம் இதுதான். முனிரத்தினத்தின் கூட்டாளி லோகு. ஓரிக்கையில் பாலாற்றங்கரைப் பக்கம் லோகுவுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து இந்த நாலு பழைய வண்டிகளை வாங்கி, ஞாயிறுதோறும் அங்கே பிள்ளைகளை ஓட்ட விடுகிறார்கள். வருகிற ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு பிறந்தநாள் கூட்டம் வருகிறது, பன்னிரண்டு பிள்ளைகள். முனிரத்தினம் வாக்குக் கொடுத்துவிட்டார். வண்டியோ நாலில் மூன்று சரியாக ஓடவில்லை. ஒன்று கிளம்பவே மாட்டேன் என்கிறது, ஒன்று மேடு ஏறாமல் முனகுகிறது, ஒன்று செயினை அறுத்துக்கொண்டே இருக்கிறது. எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட முடியாது. ஆகவே நாள் முழுக்க வண்டி, தறி காலி. என் முந்தி அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க தறியில உட்காருங்க. இதை நான் பார்த்துக்கறேன். இதுதான் என் வேலை" என்றேன்.

முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உத்திராட்சம். மனைவி பக்கம் திரும்பித் தெலுங்கில் சொன்னார்: "இந்தச் சாமியார் கை வைத்தால் ஓடுகிற ஒன்றும் போய்விடும். நாசூக்காகச் சொல்லி உள்ளே கூட்டிப் போ."

எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் பாதி தெலுங்குக் குடும்பங்கள். நான் அந்தப் பிள்ளைகளோடுதான் கோலி விளையாடி வளர்ந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன். கிளம்பாத வண்டியின் கார்ப்புரேட்டரைக் கழற்றி, அடியில் தேங்கிப் பசையாகிப்போன பழைய பெட்ரோலைக் கொட்டி, ஊசித்துளை அடைப்பை ஊதி எடுத்து மாட்டினேன். மூன்றாவது உதையில் கிளம்பியது. ஒரு வாரம் சும்மா நிற்கப் போகிற வண்டிக்குப் பெட்ரோல் குழாயை மூடி, உள்ளே இருப்பதை வடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் நோய்.

முனிரத்தினம் எழுந்து கை கழுவப் போனார். சுகுணா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"எண்ணெய்க் கை தறி ரூம் வாசப்படிய தாண்டக் கூடாதுண்ணா. தப்பா நெனைக்காதீங்க. ஒரு சொட்டு பட்டாலும் பட்டு போச்சி. இது எங்க வூட்டுக்காரருக்கும் சேத்துத்தான்."

ஞாயம்தான். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியைத் தொட்டுவிட்டேன். இனிமேல் நெசவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். இலையில் வைத்து அவித்த, மிளகும் சுக்கும் மணக்கிற இட்லி கொடுத்தார்கள். "பசியாறிட்டேன்மா" என்றதும் சுகுணாவுக்குச் சிரிப்பு. அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லையாம். எங்கள் ஊரில் காலை உணவுக்குப் பெயரே பசியாறல். டீ மட்டும் எனக்குப் போதவில்லை. நாங்கள் குவளையில் குடிக்கிறவர்கள், அவர்கள் தருவது இரண்டு மடக்கு. மூன்று தரம் வாங்கிக் குடித்தேன்.

அன்றைக்கு மேடு ஏறாத வண்டியைப் பிரித்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே காற்றை வடிகட்டுகிற பஞ்சு, அப்போதுதான் கடையில் வாங்கியது போல் சுத்தம். தொட்டுப் பார்த்தேன், பொரபொரவென்று காய்ந்திருந்தது. என்ஜினுக்குக் காற்று போகிற வாயில் விரலை விட்டேன். விபூதி மாதிரி நைசான மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

தறி அறைக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு கம்பி ஜன்னல். திரை போட்டிருந்தார்கள். அதன் வழியே கூப்பிட்டேன். "முனிரத்தினம், இந்தப் பஞ்சுல எண்ணெய் எங்கே?"

தறிச் சத்தம் நின்றது. "எண்ணெயா? வாங்கும்போது பிசுபிசுன்னு அசிங்கமா இருந்திச்சிண்ணா. வாராவாரம் சோப்பு போட்டு, ஒரு சொட்டு இல்லாம எடுத்துடுவேன். நாலும் அப்டித்தான்."

பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நெசவாளர் வீட்டில் எண்ணெய் என்றாலே பகை. தலைக்கு எண்ணெய் வைத்தால்கூடத் துண்டு கட்டிக்கொண்டுதான் தறிப் பக்கம் போவார்கள். அந்தப் புத்திதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

"அந்தப் பிசுக்குதாம்பா வேலை செய்யறது. பஞ்சுல இருக்கிறது எல்லாம் ஓட்டை. புழுதி நேரா உள்ளே போயிடும். எண்ணெய் இருந்தாத்தான் புழுதி அதுல ஒட்டி நிக்கும். துவைக்கணும், நிழல்ல காயவைக்கணும், மறுபடி எண்ணெய் ஊட்டணும்."

உள்ளேயிருந்து, "அப்ப தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போடற மாதிரின்றீங்க" என்றார். "கஞ்சி போடாத பாவு, இழை பிஞ்சி பஞ்சாப் பூடும்."

"அதேதான்."

"அடப்பாவி! இத்தினி நாளா கஞ்சி போடாமயே நெஞ்சிக்கினு இருந்திருக்கேன்."

இதற்குத் தனி எண்ணெய் இருக்கிறது. உடனே கிடைக்காததால் கெட்டியான என்ஜின் எண்ணெயைக் கொஞ்சம் விட்டு, பஞ்சு முழுக்க ஒரே நிறம் ஆகும்வரை பிசைந்து, மிச்சத்தை அழுத்தி எடுத்தேன். முறுக்கிப் பிழியக் கூடாது, பஞ்சு கிழியும் என்றேன். "பட்டும் அப்டித்தாண்ணா" என்று சுகுணாவின் குரல் வந்தது. பெட்டிக்குள் இருந்த புழுதியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். நாலு என்ஜின் எண்ணெயையும் மாற்றினேன். கோப்பி நிறத்தில் வடிந்தது. சின்ன என்ஜினில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் எண்ணெய் பிடிக்கும். அதைக் காலமெல்லாம் ஓட்டினால், ஒரே எண்ணெயில் மாசம் முழுக்க வடை சுட்ட கதைதான். மேடு ஏறாத வண்டியின் என்ஜின் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஆனால் சாகவில்லை. அம்மன் புண்ணியம்.

புதன்கிழமை லோகு வந்தார். கட்டையான ஆள், வாய் ஓயாது. செயின் அறுக்கிற வண்டியைக் காட்டச் சொன்னேன். விரலால் செயினை அழுத்தினேன். இம்மி அசையவில்லை, சுண்டினால் ராகம் பாடும் போலிருந்தது.

"யாரு இப்படி இழுத்துக் கட்டினது?"

லோகு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் பேசியது: "தொங்கிக்கினு இருந்திச்சிண்ணா. பாவு மாதிரி விறைப்பா இழுத்து நிறுத்தினேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது பாவு இல்லப்பா, ஊஞ்சல். ஆள் உட்கார்ந்தா பின்சக்கரம் மேலே வரும், செயின் தானா இறுகும். அதுக்குன்னு மூணு விரல் தளர்வு விடணும்."

லோகு குதித்தார். "கேட்டுக்கினியா முனி? ரெண்டு செயினு அறுந்துச்சி. நான் கடைக்காரன் கிட்ட போய் சண்ட போட்டு, அவன் பரம்பரையவே இழுத்துட்டு வந்தேன். அவன் மூஞ்சில இனிமே நான் எப்டி முழிப்பேன்?"

"அண்ணன் கிட்ட விபூதி வாங்கிப் பூசிக்கினு போ" என்றது ஜன்னல்.

மத்தியானம் இரண்டு வண்டிகளைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி, ஓட்டிப் பார்க்க ஓரிக்கைக்குப் போனோம். நிலத்துக்கு நூறடி முன்னால் குட்டியானை மணலில் புதைந்தது. லோகு முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. போகிறவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா லோகு, கெணறு வெட்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டயர் காற்றை இறக்கச் சொன்னேன். காற்று குறைந்தால் டயர் அகலும், மணலில் மிதக்கும். சின்ன வண்டிக்கும் மணலில் இதே மருந்துதான். இறக்கினோம், ஏறியது. ஆனால் திரும்பக் காற்றடிக்கப் பம்பு கொண்டுவரவில்லை. வீடு திரும்பும்போது ஊர்வலத் தேர் மாதிரி மெல்ல மெல்ல வந்தோம்.

வண்டிகளின் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பானரால் தட்டிப் பார்த்தேன். இறுக்கமான கம்பி மணி மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது தகர டப்பா மாதிரி. லோகு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பிறகு அவரே ஒரு தளர்ந்த கம்பியைக் கண்டுபிடித்தார். "தோ, இதான் சுருதி சேரல!"

சாயங்காலம் என் மனைவி வீடியோ போனில் வந்தாள். எண்ணெய்க் கையால் போனையே தொடாமல், சுகுணாவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தறி அறைக்குள் அரைமணி நேரம் பேச்சு. என் கூறையின் முந்தியை நாலு கடல் தாண்டி அவள் பார்த்துவிட்டாள். பத்தடி தள்ளியிருந்த நான் பார்க்கவில்லை. எனக்குத் தறிச் சத்தம்தான். அச்சு வந்து இடிக்கிற அந்தச் சத்தம் நிற்காதவரை நல்லது என்று காதை அங்கேயே வைத்திருந்தேன். நடு நடுவே "ஒரு சாண் ஆச்சிண்ணா" என்று சுகுணா குரல் கொடுப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் நாலாவது வண்டியும் முடிந்தது. வேகம் கூட்டுகிற கைப்பிடியைத் திருகி விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்தேன். பிள்ளைகள் ஓட்டுகிற வண்டியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு உதை விட்டேன். முதல் உதையிலேயே கிளம்பி, சீராகத் துடித்தது.

தறிச் சத்தம் நின்றது. முனிரத்தினம் வாசலில் நின்றார், முகமெல்லாம் பல்.

"இன்னும் நாலு விரல்தாண்ணா பாக்கி. ஒரே ஒரு உதை உதைச்சிட்டுப் போறேன்."

உதைத்தார். கிளம்பியது. அத்தோடு போயிருக்கலாம். நான் கடைசியாக எண்ணெய் ஊட்டி வைத்திருந்த மாற்றுப் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இதான் பதமா? பிசுபிசுன்னு?"

உள்ளேயிருந்து சுகுணா தெலுங்கில் கத்தினார்: "எண்ணெய்க் கையோடு உள்ளே வந்தால் இன்றைக்குச் சோறு கிடையாது!"

என் வாய் சும்மா இருக்கவில்லை. நானும் தெலுங்கிலேயே பதில் சொன்னேன்: "கழுவிவிட்டுத்தான் வருவாரம்மா. நான் பொறுப்பு."

வண்டி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. முனிரத்தினம் என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

"அப்ப... மொத நாளு நான் சொன்னது?"

"கேட்டுச்சு."

"சாமியாருன்னது?"

"அதுவும்."

உள்ளே சுகுணா விழுந்து விழுந்து சிரித்தார். முனிரத்தினம் வெட்கத்தில் வாளித் தண்ணீரில் கையை ஒரு முக்கு முக்கி, லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். சோப்புப் போடச் சொல்லியிருக்க வேண்டும். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். எலுமிச்சைத் தோலும் சீயக்காயும் போட்டு மூன்று தரம் கழுவியும் என் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. வாசப்படிக்கு வெளியே கைகட்டி நின்றுதான் கும்பிட்டேன். சுகுணா மடித்து வெள்ளைத் துணியில் சுற்றினார்.

லோகு போனை நீட்டி, வாராவாரம் செய்ய வேண்டியதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஓட்டி முடித்த அன்றைக்கே மண்ணைக் கழுவுங்கள், ஆனால் சக்கர நடுவிலும் புகைக்குழாயிலும் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய், மூணு விரல் தளர்வு. கம்பிகளைத் தட்டிக் கேளுங்கள். நட்டு போல்ட்டை எல்லாம் ஒரு சுற்று தொட்டுப் பாருங்கள், குலுங்குகிற வண்டி, தானாகக் கழலும். பஞ்சை மறந்தாலும் மறந்துவிடுவீர்கள், அதை மட்டும் மறக்காதீர்கள். இவ்வளவும் சொல்லி, முருகா என்று முடித்தேன். அதுவும் பதிவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நல்ல கூட்டம். தாம்பாளத்தை சுகுணா சுமந்தார். நான் பின்னால் போனேன். குருக்கள் புடவையை வாங்கிப் பாதத்தில் வைத்து, குங்குமத்தோடு திருப்பித் தந்தார். அந்த நேரத்தில் கேட்க எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவு வரவில்லை. தாயே என்றேன். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் என் மனைவி வெள்ளைத் துணியைப் பிரித்தாள். அப்போதுதான் நானும் முழுதாகப் பார்த்தேன். முந்தியில் யானையும் மயிலும் வரிசை வரிசையாகப் போயின. தடவித் தடவிக் கடைசிக்கு வந்தவள் கை நின்றது. குஞ்சம் கட்டுகிற ஓரத்தில், மங்கலாக, கட்டைவிரல் அகலம் ஒரு கறை. மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது? எண்ணெய்க் கையோட தொட்டீங்களா?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். விரல் ரேகை நடுவே குறுக்காக ஒரு கோடு. வருஷக் கணக்காகப் பட்டிழை அறுத்து நெசவாளர் விரலில் பதிகிற வெட்டு. எனக்கு அப்படி ஒரு வெட்டு கிடையாது.

சரியாக அந்த நேரம் போன் மணி அடித்தது. முனிரத்தினத்தின் குரல் செய்தி, பின்னால் பிள்ளைகளின் கூச்சல்: "ண்ணா, பன்னெண்டு பசங்களும் ஓட்டிட்டாங்க. ஒரு வண்டி கூட நிக்கல. காலையில நாலுக்கும் கஞ்சி போட்டுட்டுத்தாண்ணா எடுத்தேன்!"

"யாருக்குக் கஞ்சி?" என்றாள் மனைவி.

"வண்டிக்கு" என்றேன். "ஆமா, நான்தான் தொட்டுட்டேன்."

முப்பது வருஷமாக என் கையைப் பார்க்கிறவள். சந்தேகமே படவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மாடத்து விபூதியை எடுத்து அந்த இடத்தில் தூவி, அழுத்தி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டாள். காலையில் உதறியபோது பாதி போயிருந்தது. மீதி குஞ்சத்து முடிச்சுக்குள் மறைந்துவிடும் என்றாள். அம்மன் பாதத்தில் இருந்தபோதும் அந்தக் கறை அதில் இருந்துதான் இருக்கும். அம்மனே அதைப் பொறுத்துக்கொண்டாள். நான் பொறுப்பு என்று தெலுங்கில் சொன்னதைத் தமிழிலும் காப்பாற்றிவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அது யாருடைய கட்டைவிரல் என்று என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.